மூணு கிலோ மஞ்சள்தூள்

அம்மிணி,

கிணத்துமேட்டுக் காட்டில் மஞ்சள் வெட்டு முடிந்தது. வேக வைத்துக் களத்தில் காயப் போட்டிருக்கிறோம். விரலி நன்றாக இறங்கியிருக்கிறது, கிழங்கு சுமார்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மூணு வாரமாக நீ போன் எடுக்கவில்லை. வேலை அதிகம் என்று மாப்பிள்ளை சொன்னார். சரி, இருக்கும்.

அவர் இன்னொன்றும் கேட்டார், மூணு கிலோ மஞ்சள்தூள் கூரியரில் வருமா என்று. பொங்கலுக்கு வந்தபோது மூணு கிலோ கொண்டு போனாய். ஒன்றரை மாதம்தான் ஆகிறது. அவ்வளவு தூளும் குழம்பிலா போயிருக்கும்? பாப்பாவுக்கும் ராத்திரி பாலில் கலந்து கொடுக்கிறீர்களாம், உனக்கு வந்த பெருங்குடல் புண் அவளுக்கும் வராமல் இருக்க.

மாத்திரை சாப்பிடுகிறாயா என்று நான் கேட்கவில்லை. நீ படித்தவள். இந்த ஊரிலிருந்து முதலில் சிங்கப்பூர் போனவள் நீதான். உனக்கு நான் என்ன சொல்ல!

அம்மாவுக்குப் பார்க்கிற டாக்டரம்மாவிடம் கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். மஞ்சளில் இருக்கும் கர்க்குமினை ஜப்பானில் பெருங்குடல் புண் அடங்கியிருந்த நோயாளிகளுக்கு ஆறு மாதம் கொடுத்துப் பார்த்து 2006இல் எழுதியிருக்கிறார்கள். தினம் 2 கிராம். கர்க்குமின் எடுத்த 43 பேரில் 2 பேருக்குத்தான் நோய் திரும்பியது, எடுக்காத 39 பேரில் 8 பேருக்குத் திரும்பியது. கேட்டதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. முப்பது வருசமாக மஞ்சள் போடுகிறவன் இல்லையா. ஆனால் அத்தனை பேரும் மாத்திரையை விடாமல் சாப்பிட்டவர்கள் அம்மிணி. மாத்திரையோடு சேர்த்துத்தான் கர்க்குமின். டெல்லி எய்ம்ஸில் தினம் 450 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள், அந்த அளவில் ஒரு பலனும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நம் மஞ்சளில் 100 கிராமுக்கு 3 கிராம்தான் கர்க்குமின் இருக்கும். 2 கிராம் வேண்டுமென்றால் தினம் 67 கிராம் தூள் தின்ன வேண்டும். மூணு கிலோ 45 நாளில் தீரும். அந்த 45ஐப் பார்த்த பிறகு எனக்குத் தூக்கம் இல்லை.

மாத்திரையை விடாதே. அளவுக்கு மீறிய மஞ்சளால், அதிலும் மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரைகளால், ஈரல் வரைக்கும் கெட்டுப்போன ஆட்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்களாம். மாப்பிள்ளை அவுரி பற்றியும் கேட்டிருந்தார். அவுரி மாதிரிச் செடிகளில் எடுக்கும் நீலப்பொடி ஜப்பானில் குடல் புண்ணை நன்றாகவே ஆற்றியது. ஆனால் சாப்பிட்ட சிலருக்கு நுரையீரல் ரத்தக் குழாயில் அழுத்தம் ஏறிப்போய், 2016இல் அந்த அரசாங்கமே எச்சரித்தது. செடியிலிருந்து வந்தது என்பதால் தீங்கு செய்யாது என்று நினைக்காதே. நானும் அப்படி நினைத்தவன்தான்.

பாப்பாவுக்குப் பாலில் ஒரு சிட்டிகை போடு, நாம் எல்லோரும் குடித்து வளர்ந்ததுதான். ஆனால் அது நோயைத் தடுக்கும் என்று நம்பி இருந்துவிடாதே. டாக்டரம்மா சொன்ன சோதனையெல்லாம் நோய் வந்தவர்களிடம் நடந்தது. வராத குழந்தைக்குக் கொடுத்து வராமல் நிறுத்தினோம் என்று காட்டியவர்கள் இல்லை. அவளுக்கு வயிற்றுப்போக்கு நிற்காமல் போனாலோ, ரத்தம் கண்டாலோ, எடை குறைந்தாலோ அன்றைக்கே கூட்டிப்போ. சூடு என்று சொல்லாதே. உனக்கு நான் அப்படித்தான் சொன்னேன். எட்டு மாதம் வெந்தயமும் மோரும் கொடுத்தேன்.

மாத்திரையை விடாதே சாமி.

இன்னொன்று இருக்கிறது. கோயமுத்தூரில் உனக்கு உள்ளே குழாய் விட்டுப் பார்த்த அன்றைக்கு, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று டாக்டர் கேட்டார். நான் இல்லை என்றேன். அம்மா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்க்கவில்லை. உனக்கு அப்போது கொடுமுடியில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. உன் சின்ன அத்தை வயிறு சரியில்லாமல் போனாள் என்றுதானே உனக்குச் சொல்லியிருக்கிறோம்? இரண்டு வருசம் ரத்தமாகப் போனது அவளுக்கு. குலதெய்வத்துக்குக் கிடா வெட்டினோம், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை. உயிர் போகும்போது வயசு 34. அது இதே நோய்தானா என்று யாரும் பார்த்துச் சொல்லவில்லை. எனக்கு இதுதான் என்று தோன்றுகிறது. உனக்கு வந்த அன்றைக்கே தோன்றியது.

அங்கே உன் டாக்டரிடம் அத்தையைச் சொல். பாப்பாவின் டாக்டரிடமும் சொல். எழுதிக்கொள்ளச் சொல்.

தூள் அனுப்பவில்லை. சாப்பாட்டுக்குக் கால் கிலோ மட்டும் அம்மா கட்டி வைத்திருக்கிறாள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, போனை எடு.

அப்பா