2024-25 ஆண்டறிக்கை: பெட்டை வாத்துகளைப் பார்க்கப் பழகிய ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், பிள்ளைகளைக் கூட்டி வந்திருக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் சங்கத்திலிருந்து மாதம் ஒருமுறை நெல்லைப் பக்கத்துக் குளங்களில் பறவை பார்க்கப் போனோம். நயினார்குளம், ராஜவல்லிபுரம், விஜயநாராயணம், கூந்தன்குளம் என்று வழக்கமான இடங்கள்தான். ஒரு மாதம் மட்டும் மழையால் தடைப்பட்டது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்து கெட்டுப்போன பறவைப் புத்தகங்களுக்குப் பதிலாகப் புதியவை வாங்கியாகிவிட்டது. சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

நவம்பரில் ஒரு குளத்தின் மறுகால் பக்கம், பச்சைத் தலையும் கழுத்தில் வெள்ளை வளையமும் கொண்ட ஓர் ஆண் வாத்தைப் பார்த்தோம். புத்தகப் படத்தில் இருக்கும் மல்லார்ட் என்ற காட்டு வாத்து அப்படியே எதிரில் நீந்தியது. நம் பக்கத்துக்கு அது வருவதில்லை என்று தெரிந்தும், சந்தோஷத்தில் நானே பதிவேட்டில் எழுதிவிட்டேன். அடுத்த வாரம் அங்கே பட்டி போட்டிருந்த வாத்து மேய்ப்பவர், "அது நம்ம தாராதான் அண்ணாச்சி. ரெண்டு நாளா கூட்டத்தோட சேரமாட்டேங்குது" என்றார். தாரா என்றால் வளர்ப்பு வாத்து. பதிவை அடித்தேன். அந்தத் தவறு முழுக்க என்னுடையது.

ஆனால் அவர் சொன்னதிலிருந்துதான் இந்த ஆண்டின் படிப்பு தொடங்கியது. அறுத்த வயல்களில் மேயும் நம் வாத்துகளுக்கு மூதாதை அந்த மல்லார்ட்தான். உலகம் முழுக்க வீடுகளில் வளரும் வாத்துகள் ஏறக்குறைய எல்லாமே அந்த வழியில் வந்தவை. தென்னமெரிக்காவிலிருந்து வந்த மணிலா வாத்து ஒன்றுதான் வேறு. ஆண் தாராவின் வாலில் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும் இறகு மல்லார்ட் ஆணுக்கும் உண்டு. காட்டு வாத்து மெலிந்த உடல்காரன், சட்டென்று எழும்பிப் பறக்கும். வீட்டு வாத்துக்குப் பின்பக்கம் கனத்துத் தொங்கும். அன்று நான் அதைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் சனிக்கிழமை மாலைகளில் உலக வாத்துகளின் படங்களை வைத்துப் பழகினோம். ஒரே ஒரு விதி: ஆண் வாத்தின் படம் கிடையாது, பெட்டை மட்டும்தான். ஆணின் நிறத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல யாராலும் முடியும். கிழக்காசியாவின் மாண்டரின் வாத்தையும் வட அமெரிக்காவின் மர வாத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத அலங்காரத்தில் இருப்பார்கள். பெட்டைகள் இரண்டும் சாம்பல் கலந்த பழுப்பு. மர வாத்துப் பெட்டையின் கண்ணைச் சுற்றி அகலமான வெள்ளை, கண்ணீர்த் துளி போலப் பின்னால் நீளும். மாண்டரினுக்கு அது மெல்லிய கோடு. இதைப் பிரித்துச் சொல்ல எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று முதல் நாளே சொல்லிவிட்டது.

என் மனசுக்குப் பிடித்தது நம் புள்ளிமூக்கு வாத்தின் சொந்தக்காரர்கள். கறுப்பு அலகில் மஞ்சள் நுனி, அலகு தொடங்கும் இடத்தில் சிவப்புப் பொட்டு. ஆணும் பெட்டையும் ஏறக்குறைய ஒரே தோற்றம். இதே சாயலில் ஆஸ்திரேலியாவில் ஒன்று உண்டு, அதற்கு முகத்தில் அழுத்தமான கோடுகள். ஆப்பிரிக்காவில் ஒன்று, அலகின் இரு பக்கமும் பளிச்சென்ற மஞ்சள். வட அமெரிக்காவின் கிழக்கே இருப்பது உடல் முழுக்கக் கருத்தது. மூன்றுமே மல்லார்டின் உறவுக்காரர்கள். மனிதர்கள் கொண்டுபோய்விட்ட மல்லார்ட் நியூசிலாந்திலும் தென்னாப்பிரிக்காவிலும் அங்கங்கே இருக்கும் வாத்துகளோடு கலந்து, அவற்றின் தனி அடையாளத்தையே கரைத்துக்கொண்டிருக்கிறது. இதைப் படித்த மாலை எனக்கு வருத்தமாகவே இருந்தது.

இந்தப் பழக்கம் நம் குளங்களில் கைகொடுத்தது. பிசான நெல் நடவு நேரத்தில் வடக்கிலிருந்து வந்து இறங்கும் நீலச்சிறகி வாத்துகளைப் பார்த்தால் எல்லாமே பெட்டை போலத் தோன்றும். காரணம் இதுதான்: இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண்கள் பறக்கும் இறகுகளை மொத்தமாக உதிர்க்கும், சில வாரங்கள் பறக்கவே முடியாது. அந்த நாட்களில் கண்ணில் படாமலிருக்க மங்கிய உடை போட்டுக்கொள்கின்றன. நீலச்சிறகி அந்த உடையிலேயே இங்கே வந்து, குளிர்காலத்தில் பெரும்பகுதியைக் கழித்துவிடுகிறது. புருவத்தில் வெள்ளைப் பட்டை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பறக்கும்போது இறக்கையின் முன்பகுதி வெளிர்நீலமாகத் தெரிந்தால் ஆண். பெட்டைக்கு முகத்தில் கோடுகள், அலகு தொடங்கும் இடத்தில் வெளிறிய பொட்டு. மற்ற வாத்துகளில், கிளுவைப் பெட்டைக்கு வாலோரம் ஒரு வெளிர் கீற்று. ஊசிவால் பெட்டைக்கு நீண்ட மெல்லிய கழுத்தும் சாம்பல் அலகும். தட்டைவாயனைப் பற்றி எழுதவே வேண்டாம், அந்த அலகே போதும்.

ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் நம் உறுப்பினர்கள் கலந்துகொண்டார்கள். முந்தைய ஆண்டு தூரத்தில் தெரிந்த பழுப்பு வாத்துகளை எல்லாம் நீலச்சிறகி என்றே எழுதிக் கொடுத்திருந்தோம். இந்த முறை தெரியாததை "வாத்து, இனம் தெரியவில்லை" என்று எழுதினோம். தாள் பார்க்கக் கொஞ்சம் வெறுமையாக இருந்தது என்று சிலர் குறைபட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு என் பதில்: ஒரு தப்பான பெயர் கணக்கில் ஏறினால் அந்தக் குளத்தைப் பற்றி நாளை முடிவெடுப்பவர்களையும் தப்பாக வழிநடத்தும். இனம் தெரியாத வாத்தும் ஒரு வாத்தாகக் கணக்கில் இருக்கும்.

கூந்தன்குளம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தபின் அங்கே பார்வையாளர் கூட்டம் கூடியிருக்கிறது. பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வேண்டாமென்று இருக்கும் ஊர் அது. நாம் போகும்போது சத்தமாகப் பேசுவதையும், படத்துக்காகக் கரையிலிருந்து தண்ணீர்வரை இறங்குவதையும் விட்டுவிட வேண்டும். இதை இரண்டு நடைகளில் நான் நேரிலேயே சொல்ல வேண்டியிருந்தது.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள். ஒரு தொலைநோக்கியும் முக்காலியும் வாங்கச் சங்கம் அனுமதிக்க வேண்டும். விஜயநாராயணம் போன்ற பெரிய குளத்தில் கைநோக்கி போதவில்லை. அந்த வாத்து மேய்ப்பவரை ஒரு சனிக்கிழமை அழைத்து, அவர் சொல்வதைப் பிள்ளைகள் கேட்க ஏற்பாடு செய்ய வேண்டும். பிசான அறுப்புக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.

செயலாளர்