துள்ளும் கெளுத்தி எந்த நீரில் வளர்ந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழை ஓய்ந்து புழல், சோழவரம், ரெட்டேரி ஆகிய ஏரிகள் நிரம்பியதும், மாதவரம் சுற்றுவட்டாரச் சாலையோரங்களில் பெரிய கெளுத்தி மீன்களைத் தொட்டியில் உயிரோடு வைத்து விற்பதைக் காண்கிறோம். துள்ளுகிற மீன் என்றால் நல்ல மீன் என்று நம்பித்தான் நானும் சென்ற மாதம் 'ஏரி வாளை' என்று சொல்லப்பட்ட மூன்று கிலோ மீன் ஒன்றை வாங்கி வந்தேன்.

வீட்டில் கழுவும்போதுதான் ஏமாந்தது தெரிந்தது. (காசிமேட்டில் வாளை என்றால் நாடா போன்ற கடல் மீன், நான் சொல்வது ஏரியில் வாழும் கெளுத்தி இனமான வாளை.) என் தந்தை தவளையை இரையாகக் கோத்து இரவுத் தூண்டிலில் பிடித்து வந்த வாளைக்கு மீசை நான்குதான்; வாய் கண்ணையும் தாண்டிப் பிளந்திருக்கும்; முதுகுத் துடுப்பு மிகச் சிறியது. நான் வாங்கியதற்கோ எட்டு மீசை, எலும்பாலான தட்டைத் தலை, வால்வரை நீண்ட முதுகுத் துடுப்பு. அது ஆப்பிரிக்கக் கெளுத்தி. அதன் வளர்ப்பை மத்திய அரசு 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது.

செவுளுக்கு மேலுள்ள தனி உறுப்பால் காற்றையே சுவாசிக்கும் இந்த மீன், பிற மீன்கள் செத்து மிதக்கும் சாக்கடைக் கால்வாயிலும் கொழுத்து வளரும். ஆகவே அது துள்ளுவது, வளர்ந்த தண்ணீரின் தூய்மைக்குச் சான்றாகாது.

செதில் இல்லாத மீன் என்பதால் வழுவழுப்பைப் போக்குவதுதான் பெரிய வேலை. என் மாமியார் பக்கத் துடுப்பு முள்ளை முதலில் நறுக்கிவிட்டு, கல் உப்பும் அடுப்புச் சாம்பலும் தூவி, சொரசொரப்பான கல்லில் தேய்ப்பார்; சளி திரண்டு சாம்பலோடு வந்துவிடும். பித்தப்பை உடையாமல் குடலை எடுத்து, புளித்தண்ணீரில் இருமுறை அலசி, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தால் மறுநாள்தான் அதன் ருசி தெரியும். ஆனால் சாம்பலும் புளியும் போக்குவது கவிச்சியையும் மண்வாடையையும்தான். கழிவுநீரில் வளர்ந்த மீனின் சதையில் ஈயமோ பாதரசமோ படிந்திருந்தால், எவ்வளவு தேய்த்தாலும் கொதிக்க வைத்தாலும் அது போகாது.

மொத்த வியாபாரி கொடுப்பதை வாங்கி விற்கும் சாலையோரப் பெண்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மீன்வளத் துறையும் உணவுப் பாதுகாப்புத் துறையும் மொத்தச் சந்தையிலேயே சோதனை நடத்தி, மீனின் பெயரையும் அது வந்த நீர்நிலையையும் எழுதி வைக்கச் செய்ய வேண்டும். விற்காமல் மிஞ்சிய ஆப்பிரிக்கக் கெளுத்திகளை உயிரோடு ஏரியில் விடுவதையும் தடுக்க வேண்டும். இவை பெருகினால், ஏற்கெனவே அருகிவரும் வாளையின் குஞ்சுகளும் குறவை மீன்களும் இவற்றுக்கு இரையாகிவிடும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
மாதவரம், சென்னை - 60.