வீட்டைப் புதுப்பிக்கும் முன் ஒரு நோட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வீடுகளைப் புதுப்பிப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை வாசித்தேன். டிசைனரை எப்படித் தேடுவது, எந்தச் சுவருக்கு எந்த நிறம், எந்த மூலையில் செடி என்று எல்லாம் விவரமாக இருந்தது. டிசைனர் வாசலில் வந்து நிற்பதற்கு முன்னால் வீட்டுக்காரர்கள் என்ன தயாராக வைத்திருக்க வேண்டும் என்பது பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன். கடிதம் நீளம்தான். வெட்ட வேண்டியிருந்தால் சுவரில் ஈரம் ஏறும் ஓதம் பற்றிய பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நான் திருநெல்வேலி சிந்துபூந்துறையில் தையல்கடை நடத்துகிறேன். கடைக்கென்று தனி இடம் கிடையாது, வீட்டுத் தார்சாவில்தான், அதாவது வாசல் பக்கத்து முன்கட்டில்தான் மெஷின்கள். அதற்குப் பின்னால் பட்டாசல் என்கிற கூடம், இரண்டாங்கட்டு, அடுக்களை, பாத்திரம் கழுவும் அங்கணம், புறவாசல் என்று ஒன்றன்பின் ஒன்றாக நீண்டுபோகும் பழைய நெல்லை வீடு. அகலம் 14 அடி. இரண்டு பக்கமும் பொதுச்சுவர். பட்டாசலுக்கு மேலே தேக்கு உத்திரங்கள் போட்டு, செங்கல்லைக் குறுக்குவாட்டில் சாய்த்து அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டு, அதன்மேல் தட்டோடு பதித்த மெட்ராஸ் டெரஸ். அடுக்களையும் அங்கணமும் பிற்பாடு கான்கிரீட்டில் எடுத்தவை. கடையையும் வீட்டையும் சேர்த்துப் போன வருடம் ஒரு டிசைனரை வைத்துப் புதுப்பித்தோம்.

என் கடைக்கு வருகிறவர்களில் ரொம்பச் சிரமம் கொடுப்பவர்கள் குறை சொல்கிறவர்கள் இல்லை. “உங்களுக்குப் பிடிச்ச மாதிரி தைச்சுக் குடுங்கக்கா” என்று துணியைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள்தான். கழுத்து எவ்வளவு இறக்கம், கை எவ்வளவு நீளம், லைனிங் வேண்டுமா, ஒன்றும் வாயிலிருந்து வராது. தைத்து முடித்த பிறகுதான் என்ன வேண்டாம் என்று அவர்களுக்கே தெரியவரும். ஜாக்கெட் என்றால் பிரித்துத் தைக்கலாம், சுவரை என்ன செய்வது? டிசைனரிடம் போகும்போது நம்மில் பாதிப் பேர் அந்த வாடிக்கையாளராகத்தான் போகிறோம். போனில் அழகழகாகப் படம் வைத்திருப்போம். வீட்டைப் பற்றிக் கேட்டால் பதில் இருக்காது.

அதனால் டிசைனரைத் தேடுவதற்கு முந்தின மழைக்காலத்திலேயே ஒரு நோட்டு போட்டேன். ஐப்பசி, கார்த்திகையில் எந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறது, எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி, போனில் படம் எடுத்து வைத்தேன். இந்த வேலையை டிசைனர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் செய்ய முடியாது. அவர் வருவது பெரும்பாலும் மாசி, பங்குனியில். அப்போது சுவர் காய்ந்து சாதுவாக நிற்கும்.

சுண்ணாம்புச் சுவரின் குணம் வேறு. ஈரத்தை இழுக்கும், வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, பிளாஸ்டிக் பெயின்ட் அடித்துவிட்டால் ஈரம் வெளியேற வழி இல்லை. உள்ளேயே நின்று உப்புப் பூத்து, பொருக்குப் பொருக்காக உதிரும். எங்கள் தெருவிலேயே வருடா வருடம் தீபாவளிக்கு முன்னால் அதே சுவருக்கு அதே பெயின்டை அடித்துக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. எங்களுக்கு வந்த டிசைனர் தம்பி பட்டாசலின் வடசுவருக்கு வால்பேப்பர் என்று வரைந்துகொண்டு வந்திருந்தார். நோட்டையும் கார்த்திகை மாதப் படங்களையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். “அக்கா, இதுல வால்பேப்பர் ஒரு மழை தாங்காது” என்று அவரே அதை வரைபடத்தில் அடித்துவிட்டார். பழைய சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சே திரும்பப் பூசினோம். அந்த வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடியதுதான் பெரும்பாடு. கடைசியில் காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஆள் வந்தது.

எங்கள் சுவரில் இன்னொரு கோடும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரையைத் தாண்டி எங்கள் தெருவுக்குள் வந்தது. பட்டாசலில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். வெள்ளையடித்து மறைத்துவிடாமல் அந்தக் கோட்டை அளந்து நோட்டில் எழுதிவைத்தேன். பிளக் பாயிண்டுகள் எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேலேதான் வர வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டோம். அடுக்களையில் கீழ் அலமாரிக்கு பிளைவுட் வேண்டாம் என்று முடிவு செய்ததும் அதனால்தான். கடைக்காரர்கள் ஐ.எஸ். 303, ஐ.எஸ். 710 என்று தர எண் சொல்வார்கள். 303 சாதாரண பிளைவுட், 710 மரைன் பிளைவுட். அடுக்களை ஈரத்துக்கு இரண்டாவது நல்லதுதான். ஆனால் ஆறு வீட்டுக்குள் வருவதை நினைத்து அதைச் செய்யவில்லை. கடப்பைக் கல் அடுக்கு, அலுமினியக் கதவு. படத்தில் அவ்வளவு எடுப்பாக இருக்காதுதான்.

இந்தத் தம்பிக்கு முன்னால் ஒரு மாடுலர் கிச்சன் நிறுவனத்திலிருந்து ஆள் வந்தது. லேப்டாப்பைத் திறந்து அரை மணி நேரத்தில் அடுக்களையைப் படமாகக் காட்டினார்கள். அதில் அங்கணத்தைக் காணவில்லை. எங்கே என்றால், “அது வேஸ்ட் ஸ்பேஸ் மேடம், சிங்க்கே போதும்” என்றார்கள். இட்லிக் கொப்பரையை எந்த சிங்க்கில் கவிழ்ப்பது? மீனை எங்கே உட்கார்ந்து கழுவுவது? அங்கணம் வேண்டாம் என்பவர்கள் எடுத்துவிடலாம், அது அவரவர் வீடு. எங்களுக்கு வேண்டும். விடிந்ததிலிருந்து இரவு விளக்கணைக்கும் வரை அடுக்களையில் யார், எங்கே நின்று, என்ன செய்கிறார்கள் என்று ஒரு நாள் முழுக்க எழுதிப் பாருங்கள். எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அத்தைக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது, வாக்கர் பிடித்து நடக்கிறார். குளியலறை இருப்பது புறவாசலில். இரவில் எழுந்தால் இரண்டாங்கட்டிலிருந்து அங்கே போவதற்குள் எத்தனை நிலைப்படி, எந்த இடத்தில் வெளிச்சம் இல்லை, எந்தக் கதவு நிலையில் வாக்கர் இடிக்கிறது என்று அவர் கூடவே நடந்து குறித்தேன். வாக்கரின் அகலத்தையும் டேப் வைத்து அளந்தேன். பழைய நிலைகள் எல்லாம் குறுகல். நாளைக்கு வீல் சேர் வந்தால் மூன்றடிக் கதவாவது வேண்டும். இந்த ஒரு பக்கத்தைப் பார்த்துத்தான் டிசைனர் குளியலறையை இரண்டாங்கட்டு ஓரத்துக்குக் கொண்டுவந்தார். அவர் கொண்டுவந்த முதல் வரைபடத்தில் அங்கே புத்தக அலமாரி இருந்தது.

பொதுச்சுவர் உள்ள வீட்டுக்காரர்கள் பழைய பத்திரத்தை எடுத்து ஒருமுறை வாசித்துவிடுங்கள். கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி என்பதோடு, சுவர் பொதுவா தனியா என்பதும் அதில் இருக்கும். எங்கள் உத்திரங்களும் பக்கத்து வீட்டு உத்திரங்களும் ஒரே சுவரில்தான் உட்கார்ந்திருக்கின்றன. பைப்புக்கும் வயருக்கும் அதில் ஆழமாகக் காடி வெட்ட முடியாது. பக்கத்து வீட்டு அண்ணாச்சியைக் கூப்பிட்டு வரைபடத்தைக் காட்டிவிட்டுத்தான் வேலையே ஆரம்பித்தோம். வயரிங்கைச் சுவருக்கு வெளியே குழாயில் கொண்டுபோனோம். முதலில் உறுத்தியது, இப்போது பழகிவிட்டது. மெட்ராஸ் டெரஸுக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் வேண்டாம் என்பது என் வீட்டுக்காரரின் பிடிவாதம். ஒழுகினாலும் கரையான் பிடித்தாலும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் என்றார். அவர் சொன்னது சரிதான். தண்ணீர் டாங்கும் அந்தத் தளத்தின் மேல் இருக்கக் கூடாது. ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன் எடை. அதைப் பின்கட்டுக் கான்கிரீட்டின் மேல், அடியில் சுவர் வருகிற இடமாகப் பார்த்து மாற்றினோம், ஒரு பொறியாளரிடம் கேட்டுக்கொண்டுதான்.

கடைக்கு நான் எழுதிக் கொடுத்தது இரண்டே விஷயம். ஒன்று, கட்டிங் டேபிள் உயரம். நின்றுகொண்டு வெட்டுகிற மேஜை என் இடுப்புக்கு வர வேண்டும். சோபா செட்டுக்குப் பக்கத்தில் எடுப்பாக இருக்கும் என்று தாழ்த்திவிட்டால் சாயங்காலம் முதுகு சொல்லும். இரண்டு, வெளிச்சம். இப்போது எல்லா டிசைனர்களும் மஞ்சள் வெளிச்சம்தான் போடுகிறார்கள். பெட்டியில் 3000 கே என்று இருந்தால் மஞ்சள், 6500 கே என்றால் நல்ல வெள்ளை. மஞ்சள் வெளிச்சத்தில் மயில் பச்சைக்கும் ராமர் பச்சைக்கும் நூல் எடுத்துப் பாருங்கள், பகலில் வெளியே வந்தால்தான் குட்டு வெளிப்படும். வெள்ளை விளக்கிலும், நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான எண்ணான சி.ஆர்.ஐ. 90க்கு மேல் என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள், துணியின் நிறம் உள்ளபடி தெரியும். தையல்கடை மட்டுமில்லை, புடவைக்கடை, பெயின்ட் கடை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

அப்புறம் பணம். நிறையப் பேர் கையில் இருக்கும் தொகையை டிசைனரிடம் சொல்ல மாட்டார்கள், சொன்னால் அவ்வளவையும் செலவழித்துவிடுவார் என்று பயம். சொல்லாவிட்டால் அவர் எதை வைத்து வரைவார்? நாங்கள் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்துக்கொண்டு மீதியை வெளிப்படையாகச் சொன்னோம். பழைய வீட்டைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. எங்களுக்கு ஒரு உத்திரத்தின் முனையைக் கரையான் தின்றிருந்தது. ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி அதற்கே போனது.

கட்டணம் பேசும்போது ஜி.எஸ்.டி. சேர்த்தா, தனியா என்று கேளுங்கள். பதிவு உள்ளவர் என்றால் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் வரும். டைல்ஸ் கடை, லைட் கடையில் உங்களுக்குக் கமிஷன் உண்டா என்பதையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள். சிலருக்கு உண்டு. கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று நாம்தான் தயங்குகிறோம். ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள 1972ஆம் வருடச் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு இருக்க வேண்டும். இன்டீரியர் டிசைனர் என்று போர்டு மாட்ட அப்படி ஒரு பதிவு தேவையில்லை. யாரையும் மட்டமாகச் சொல்லவில்லை, எங்களுக்கு வந்தவரும் இன்டீரியர் டிசைனர்தான், தங்கமான பிள்ளை. ஆனால் சுவரை இடிப்பதா, உத்திரத்தைத் தொடுவதா என்று வந்தால் பொறியாளர் கையெழுத்து இல்லாமல் ஒரு செங்கல்லைக்கூட அசைக்காதீர்கள்.

யார் பேச்சு கடைசிப் பேச்சு என்பதையும் முன்கூட்டியே வீட்டுக்குள் தீர்த்துக்கொள்வது நல்லது. கோயம்புத்தூரில் இருக்கும் மகள் பின்டரெஸ்டிலிருந்து படம் அனுப்புவாள், வீட்டுக்காரர் செலவைக் குறை என்பார், அத்தை வாஸ்து கேட்பார். மூன்று பேரும் டிசைனருக்குத் தனித்தனியே போன் போட்டால் அந்தத் தம்பி யார் பேச்சைத்தான் கேட்பார்? கடையும் அடுக்களையும் என் பொறுப்பு, குளியலறை அத்தை சொல்கிறபடி, வயரிங்கும் தண்ணீரும் வீட்டுக்காரர் என்று பிரித்துக்கொண்டோம். மகளுக்கு நிறம். அவள் மாம்பழ மஞ்சளைக் கேட்டாள், அடித்தோம், கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கிறது.

வேலைக்கு நாள் குறிக்கும்போது காலண்டரோடு சேர்த்து உங்கள் வியாபாரத்தையும் பாருங்கள். எனக்கு ஏப்ரல், மே வந்தால் பள்ளிச் சீருடை, ஆவணியிலிருந்து தீபாவளித் துணி. அதனால் கடைப் பகுதியைத் தை கடைசியில் ஆரம்பித்துப் பங்குனிக்குள் முடித்துத் தர வேண்டும் என்று எழுதியே வாங்கினோம். அதிலும் பங்குனி உத்திரத்துக்கு முன்னும் பின்னும் கொத்தனார், தச்சர், எலக்ட்ரீசியன் எல்லோரும் சாஸ்தா கோவிலுக்குப் போய்விடுவார்கள். ஊர்த் திருவிழாவான கோவில் கொடை வந்தாலும் அதே கதைதான். வெளியூர் டிசைனர் போடும் அட்டவணையில் இதெல்லாம் இருக்காது, நாம்தான் சொல்ல வேண்டும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். சுண்ணாம்புப் பூச்சு வேலை தெரிந்த கொத்தனார்கள் நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்தில் இருந்தால், அவர்களைத் தெரிந்த வாசகர்கள் உங்கள் அலுவலகத்துக்கு எழுதும்படி ஒரு சிறு குறிப்பு வெளியிட முடியுமா? எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் காரைக்குடியிலிருந்து ஆளை வரவழைத்துத் தங்க இடம் கொடுப்பது எல்லோராலும் முடிகிற காரியம் இல்லை.

இப்படிக்கு,
தையல்கடை நடத்தும் ஒரு வாசகி,
சிந்துபூந்துறை, திருநெல்வேலி.