உன் நீலம் நீலமாகவே தெரியட்டும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண்காட்சி நல்லபடியாக நடந்ததில் மகிழ்ச்சி. கைவலி குறைந்து மறுபடியும் தூரிகை பிடிக்கிறாய் என்பது அதைவிடப் பெரிய செய்தி. இங்கே எல்லோரும் நலம். மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள்.

உன் ஓவியங்களுக்கான இணையதளம் பற்றிக் கேட்டிருந்தாய். இதுவரை வரைந்த எல்லாவற்றையும் ஏற்றிவிடலாம் என்கிறாய். வேண்டாம். இருபது, இருபத்தைந்து ஓவியங்கள் போதும். வருகிறவர் முதல் சில படங்களிலேயே உன்னை எடைபோட்டுவிடுவார். எவை இருக்க வேண்டும் என்பதை நீதான் முடிவுசெய்ய வேண்டும். தளம் அமைப்பவரிடம் அதை விட்டுவிடாதே.

என் கவலையெல்லாம் நிறத்தைப் பற்றித்தான். உன் நீலங்களை நேரில் பார்த்தவன் நான். அவை திரையில் வெளிறிக் கிடப்பதைப் பார்க்க எனக்கு மனம் வராது. சட்டத்தின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் 45 பாகைக் கோணத்தில் ஒரே வகை விளக்குகளை வைத்து, கேமராவை நேரெதிரே நிறுத்திப் படமெடுக்கச் சொல். ஓவியத்தோடு ஒரு சாம்பல் நிற அட்டையையும் வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால், பிறகு நிறத்தைச் சரிசெய்ய அது துணையாக இருக்கும். இணையத்துக்கான பிரதி எஸ்ஆர்ஜிபி (sRGB) நிறவெளியில், அதாவது பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான நிற அமைப்பில் இருக்கட்டும். நீண்ட பக்கம் 2000 பிக்சல் இருந்தால் தாராளம். கைப்பேசியிலும் தாமதமில்லாமல் திறக்கும். மூலப் படங்களை ஏற்றாமல் தனியே பத்திரப்படுத்து.

ஒவ்வொன்றின் கீழும் தலைப்பு, ஆண்டு, ஊடகம் (எண்ணெய் வண்ணமா, நீர்வண்ணமா என்பது), அளவு நான்கும் வேண்டும். திரையில் உள்ளங்கையளவு ஓவியமும் 2 மீட்டர் ஓவியமும் ஒன்றுபோலத்தான் தெரியும். பெரியவற்றுக்கு அருகே யாராவது நிற்கும் படம் ஒன்றைச் சேர்த்துவிடு. பார்வையற்றோரின் திரைவாசிப்பான் படித்துச் சொல்லும் மாற்று உரையையும் நீயே எழுது. உன் ஓவியத்தை உன்னைவிட நன்றாக யார் சொல்ல முடியும்?

பின்னணி வெள்ளையோ வெளிர்சாம்பலோ போதும். இசை, அசையும் எழுத்து எதுவும் வேண்டாம்.

டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி மட்டும் உன் பெயரில், உன் மின்னஞ்சலில் பதிவாகட்டும். எனக்குத் தெரிந்த சிற்பி ஒருவரின் டொமைன், தளம் அமைத்தவர் பெயரில் இருந்தது. அவரோடு தொடர்பு அறுந்ததும் சிற்பி தன் முகவரியையே இழந்தார். அந்த வருத்தம் உனக்கு வரக் கூடாது.

பட்டியலை அனுப்பு, உட்கார்ந்து பார்க்கிறேன். மழை வரிசை ஓவியங்களில் மட்டும் ஒன்றையும் விட்டுவிடாதே. அதற்காக உன்னோடு சண்டை போடவும் தயாராக இருக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்