டேங்க்கை எங்கே ரொப்பினாய்?

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

‘போன டிரிப்பில் டெக்சஸிலேயே லாரியின் இரண்டு டேங்க்கையும் முட்ட ரொப்பிக்கொண்டு கனடாவில் ஆல்பர்ட்டாவுக்கு ஏறினேன், டெக்சஸில்தான் டீசல் மலிவு’ என்று பெருமையாகச் சொன்னாய். அந்த டீசல் குளிரில் உறைந்துவிடுமே என்று, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. போனில் சொன்னால் ‘சரிப்பா, சரிப்பா’ என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் லாரி ஓட்டிய காலத்தில், 1996 ஜனவரியில் டில்லியில் லோடு இறக்கிவிட்டு, ஸ்ரீநகருக்கு அரிசி மூட்டை ஏற்றினேன். டீசல் போட்டது பஞ்சாபில். உதம்பூர் தாபாவில் ஒரு சர்தார் டிரைவர், “மதராஸி, டேங்க்கில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்துக்கோ, மேலே குளிர் ஜாஸ்தி” என்றார். காசுக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டு விட்டுவிட்டேன். ஜவஹர் சுரங்கம் தாண்டி காசிகுண்டில் ராத்திரி வண்டியை நிறுத்திப் படுத்தோம்.

காலையில் செல்ஃப் அடித்ததும் பிடித்துக்கொண்டது. அதுதான் ஏமாற்று வேலை. பைப்பில் மிச்சமிருந்த டீசலில் அரை கிலோமீட்டர் ஓடியது, அப்புறம் இழுவை போய் மூச்சுத் திணறி நின்றது. ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகக் கூழ் மாதிரி அப்பியிருக்கிறது. மார்கழியில் அம்மா வெயிலில் வைப்பாளே, தேங்காயெண்ணெய் பாட்டில், அதே கதைதான். டீசலுக்குள் மெழுகு இருக்கிறது. குளிர் ஏற ஏற அது முதலில் பால் மாதிரி கலங்கும், பிறகு திரிதிரியாகப் பிரிந்து ஃபில்டரை அடைக்கும். டேங்க் முழுக்க உறையத் தேவையில்லை, ஃபில்டர் அடைத்தால் போதும்.

கிளீனர் பையன் வைக்கோலைக் கொளுத்தி டேங்க்குக்கு அடியில் வைத்தான். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன், சாமி. மிச்ச டீசல் டேங்க்குக்குத் திரும்புகிற ரிட்டர்ன் பைப் கருகி ஒழுக ஆரம்பித்தபோதுதான் புத்தி வந்தது. கடைசியில் ஃபில்டரில் சாக்கைச் சுற்றி, டீக்கடைக்காரர் கொடுத்த வெந்நீரை அதன்மேல் ஊற்றி ஊற்றி, பம்ப் அடித்து பைப்பில் புகுந்த காற்றை எடுத்துக் கிளம்பும்போது மத்தியானம். இப்போது லடாக்குக்கென்றே 2019லிருந்து இந்தியன் ஆயில் தனி டீசல் விடுகிறது, மைனஸ் 33 வரைக்கும் தாங்குமாம். எங்களுக்கு அது வாய்க்கவில்லை.

உனக்குச் சொல்ல வந்தது இதுதான். டீசல் எந்த ஊரில் போட்டாயோ அந்த ஊர்க் குளிருக்குத்தான் அது. குளிர்காலத்தில் மொன்டானாவிலும் ஆல்பர்ட்டாவிலும் பங்க்கிலேயே குளிருக்கு ஏற்ற டீசல் வரும். டெக்சஸ் டீசலுக்கு அந்தக் குளிர் என்ன தெரியும்? அங்கே தேவைக்கு மட்டும் போடு. வையோமிங் ஏறுவதற்குள் அதை ஓட்டித் தீர்த்து, வடக்கே போகப் போக ரொப்பிக்கொண்டே போ. ராத்திரி நிறுத்தும்போது டேங்க் நிறைய இருக்கட்டும், காலியாக இருந்தால் உள்ளே ஈரம் படிந்து தண்ணீராகி, அதுவும் உறைந்து உயிரை வாங்கும். ஃபில்டருக்குக் கீழே தண்ணீர் வடிக்கிற திருகு இருக்குமே, அதை மறக்காதே.

உறையாமல் இருக்க ஊற்றுகிற மருந்து விற்கிறார்கள் அல்லவா, அதை டீசல் கலங்குவதற்கு முன்பே ஊற்ற வேண்டும். டேங்க்கில் முதலில் மருந்து, அதன்மேல் டீசல், அப்போதுதான் நன்றாகக் கலக்கும். உறைந்த பிறகு அது கேட்காது, அதற்கு வேறு மருந்து. எங்களை மாதிரி மண்ணெண்ணெய் கலக்கிற புத்தி உனக்கு வேண்டாம், அதில் வழவழப்பு கம்மி, இந்தக் காலத்துப் பம்ப் தேய்ந்துபோகும். பெட்ரோலைக் கையாலும் தொடாதே. நிறுத்துகிற இடத்தில் கரண்ட் இருந்தால் இன்ஜின் ஹீட்டரைச் சொருகிவிட்டுப் படு. ஆனால் ஒன்று, அது இன்ஜினைத்தான் சூடாக்கும், டேங்க்கை அல்ல.

லாபம் பார்க்காதே என்று சொல்லவில்லை. நானும் பார்த்தவன்தான்.

ஸ்பேர் ஃபில்டர் இரண்டு வாங்கி கேபினில் போட்டுவிட்டு ஒரு போட்டோ அனுப்பு. அம்மாவுக்கு ஃபில்டர் எது, பம்ப் எது என்று தெரியாது. ஆனாலும் அவளும் பார்க்க வேண்டுமாம்.

இப்படிக்கு,
அப்பா