விரட்டப்பட்டவர்களிடம் வெளிமாநிலக் கட்டணமா?

மதிப்பிற்குரிய பல்கலைக்கழகத் தலைவர் அவர்களுக்கும் அறங்காவலர் குழுவினருக்கும்,

வணக்கம். ஒஹாயோவில் உள்ள இந்த வளாகம் ஷானி, மயாமி, வையண்டாட் என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் தாயகத்தில் இருக்கிறது என்று புதுமாணவர் வரவேற்பு விழாவில் வாசித்தீர்கள். பெற்றோர் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். நல்ல வார்த்தைகள். சரி, அந்த மக்களின் பிள்ளைகள் இங்கே சேர்ந்தால் என்ன கட்டணம் என்று உங்கள் அலுவலகத்தில் விசாரித்தேன். இந்த மாநிலத்தில் குடியிருக்காதவர்களிடம் வாங்கும் கூடுதலான வெளிமாநிலக் கட்டணம் என்றார்கள்.

அவர்கள் எப்படி வெளிமாநிலத்தவர் ஆனார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பழங்குடியினரை மேற்கே அனுப்ப 1830இல் போட்ட அகற்றல் சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு கூட்டமாக வெளியேற்றினார்கள். இந்த மாநிலத்திலிருந்து கடைசியாக, 1843 ஜூலையில் அப்பர் சாண்டஸ்கி ஊரை விட்டுப் போனவர்கள் வையண்டாட் மக்கள். கான்சஸ் போய்ச் சேர்ந்ததுமே நோயில் பலர் செத்தார்கள். அங்கேயும் நிலைக்க முடியாமல் இன்று ஓக்லஹோமாவில் இருக்கிறார்கள். மத்திய அரசு அங்கீகரித்த பழங்குடி அரசு ஒன்றுகூட இப்போது ஒஹாயோவில் இல்லை. இருக்கவும் விடாமல், இங்கே குடியிருக்கவில்லை என்று கூடுதல் பணமும் கேட்பது என்ன நியாயம்?

நான் மதுரையிலிருந்து வந்தவன். இந்த மாநிலத்தில் 12 மாதம் குடியிருந்தாலே போதும் என்பதால் என் மகளுக்கு உள்மாநிலக் கட்டணம் கிடைத்தது. இந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்டவர்களின் பேத்திக்கு அது கிடையாது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

விதி இடம் தராது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். இதே மாநிலத்தில் மயாமி பல்கலைக்கழகம் 1991 முதல் மயாமி பழங்குடி மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை தருகிறது. அந்த மக்களோடு சேர்ந்து அவர்கள் மொழியை மீட்கும் மையத்தையும் நடத்துகிறது. 2019இல் ஐக்கிய மெதடிஸ்ட் சபை, அப்பர் சாண்டஸ்கியில் இருக்கும் பழைய மிஷன் தேவாலயத்தையும் அதன் நிலத்தையும் வையண்டாட் மக்களிடமே திருப்பிக் கொடுத்தது. ஒரு சபை நிலத்தையே கொடுத்திருக்கிறது. நான் கேட்பது கட்டண விதியில் ஒரு திருத்தம்.

இந்த நாட்டில் எந்தப் பழைய அநியாயத்தைப் பற்றிப் பேசினாலும் முதலில் ஒரு குழு வரும், அப்புறம் ஓர் அறிக்கை வரும், பணம் என்று வந்ததும் பேச்சு நின்றுவிடும். நீங்களும் அங்கேயே நின்றுவிடக் கூடாது.

உள்மாநிலக் கட்டணத்துக்கு மேல் அந்த மூன்று மக்களின் பிள்ளைகளிடம் ஒரு டாலர்கூட வாங்காதீர்கள். அதற்கு மேல் என்ன செய்யலாம் என்பதை அவர்களுடைய பழங்குடி அரசுகளிடமே கேளுங்கள். அடுத்த அறங்காவலர் கூட்டத்தில் இதை எடுத்துக்கொண்டு, முடிவை எல்லோருக்கும் தெரியும்படி அறிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாணவி ஒருத்தியின் தந்தை