நர்சிங் பிள்ளைக்கு மார்பகப் புற்றுநோய் பக்கம் ஆபாசமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் பொண்ணு ஹாஸ்டல்ல தங்கி நர்சிங் ரெண்டாவது வருஷம் படிக்கிறா. போன மாசம் மார்பகப் புற்றுநோய் பத்தி அசைன்மென்ட், கட்டி இருக்கான்னு பொம்பளைங்க தானே தொட்டுப் பாத்துக்கிறது எப்படின்னு ஊர்ல போய் சொல்லிக்குடுக்கற மாதிரி சார்ட் போடணும். காலேஜ் லேப்ல உக்காந்து தேடுனா ஸ்கிரீன் பூரா சிவப்பு, ஆபாசம், தடை செய்யப்பட்டதுன்னு வருது, கீழ இவளோட ரோல் நம்பர். பக்கத்துல இருந்த பிள்ளைங்களும் அதப் பாத்துட்டு எல்லாத்தையும் மூடிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. "லேப் சார்கிட்ட போய் எப்டிம்மா கேக்குறது, என்ன தேடுனேன்னு கேப்பாரே"ங்கறா. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. நம்ம நாட்டுல பொம்பளைங்களுக்கு வர்ற கேன்சர்லயே அதிகமா வர்றது இதுதான், அதப்பத்தி நாலு பேர்கிட்ட வெக்கப்படாம பேச வேண்டிய பிள்ளையையே இப்படி கூச வச்சா எப்படி?

என் தம்பி வேற ஒரு காலேஜ்ல சிஸ்டம் அட்மின். ஃபயர்வால், அதாவது நெட்ட வடிகட்டற சாதனம், மாட்டும்போது அதுல வர்ற கேட்டகிரி லிஸ்ட்ல ஆபாசம், சூதாட்டம், வீடியோன்னு டிக் போட்டு விடுவோம், கூட கொஞ்சம் கீவேர்டும் குடுப்போம், அப்புறம் யாராவது கேட்டாத்தான் திறந்து பாப்போம்க்கான்னான். அந்த கீவேர்டு வடிகட்டி எழுத்தை மட்டும்தான் பாக்குமாம், அர்த்தத்தைப் பாக்காதாம். 1996லயே இங்கிலாந்துல ஸ்கன்தார்ப்ங்கற ஊர்க்காரங்க ஏஓஎல்ங்கற நெட் கம்பெனில அக்கவுன்ட் திறக்க முடியாம தவிச்சிருக்காங்க, ஊர் பேருக்குள்ளயே ஒரு கெட்ட வார்த்தையோட எழுத்து வருதுன்னு. இத்தனை வருஷம் கழிச்சும் அதே கதை.

கண்ட கண்ட சைட்டையும் திறந்து விடுங்கன்னு நான் சொல்லல, வயசுப் பிள்ளைங்க படிக்கிற இடம், வடிகட்டத்தான் வேணும். ஆனா 2012ல சினிமா பைரசியத் தடுக்க சென்னை ஐகோர்ட் குடுத்த ஆர்டர காட்டி நெட் கம்பெனிங்க விமியோ மாதிரி வீடியோ சைட்டையே முழுசா மூடுனப்ப, அதே கோர்ட் ஜூன் மாசம் சொல்லிச்சு, படம் இருக்கற அந்த லிங்க் மட்டும்தான், மொத்த சைட்டும் இல்லன்னு. காலேஜ்காரங்க அந்த அளவு நிதானமாவது காட்டலாமே. ரோல் நம்பர போட்டு பயமுறுத்தறதுக்குப் பதிலா, பாடம் எடுக்கற மேடத்துக்கே நேரா ரிக்வெஸ்ட் போற மாதிரி ஒரு பட்டன் வைங்க, அவங்க ஓகே சொன்னா அன்னிக்கே திறக்கட்டும்.

சொந்த போன்ல பாக்கலாமேன்னா சாயங்காலமே வாங்கி வச்சுடறாங்க. 2019ல கோழிக்கோடு பக்கம் ஒரு காலேஜ் மாணவி ஹாஸ்டல்ல போன் தடைய எதிர்த்துப் போட்ட கேஸ்ல, நெட் பாக்கறது படிக்கிற உரிமைல சேர்ந்ததுன்னு கேரளா ஐகோர்ட் தீர்ப்பே குடுத்திருக்கு, ஆனா என் பொண்ணு ஹாஸ்டல்ல ரூல் மாறல.

கடைசில லீவுக்கு வந்தப்ப என் போன்ல பாத்துத்தான் அந்த சார்ட்ட வரைஞ்சு முடிச்சா. முடிச்சதும் எனக்குத்தான் முதல்ல சொல்லிக்குடுத்தா. 46 வயசுல அன்னிக்குத்தான் நான் முதல் தடவையா தொட்டுப் பாத்துக்கிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு அம்மா, திருநெல்வேலி